எப்சிபாள் கப்பல் துளிர்த்த வருஷம்

அமெரிக்கா என்ற தேசம் பிறந்து, விழுந்து எழுந்து நடை பழகிக்கொண்டிருந்த காலத்தில், அதன் வடகிழக்குக் கடலோரத்தில் ஏலிம் என்று ஓர் ஊர் இருந்தது. பேர் வைத்த முன்னோர்கள் வேதத்தில் வருகிற ஏலிமின் பேரீச்ச மரங்களையும் தித்திப்பான நீரூற்றுகளையும் மனசில் நினைத்து, முழங்காலில் நின்று ஜெபம்பண்ணித்தான் அந்தப் பேரை வைத்தார்கள். ஆனால் அங்கே விளைந்தது என்னவோ பைன் மரமும், உப்புக்காற்றும், பரண் பரணாகக் காய்கிற மீனும், ஊர்க்கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேசாவிட்டால் சாப்பாடு செரிக்காத ஆண்பிள்ளைகளும்தான்.

அந்த ஊரின் கப்பல்களெல்லாம் ஒரு வருஷம் கட்டிப்போட்ட மாடு மாதிரி துறையிலேயே நின்றன. கடலுக்கு அப்பால் இரண்டு ராஜாங்கங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபடியால், நம்முடைய கப்பல் ஒன்றும் அந்நிய தேசத்துக்குப் போகவேண்டாம் என்று தெற்கே தலைநகரில் இருந்த பெரியவர்கள் சட்டம் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வயலும் தோட்டமும் இருந்தன. ஏலிம்காரர்களுக்குக் கடல் ஒன்றுதான் வயல், அதைப் போய்ப் பூட்டிவிட்டார்கள். உலர்ந்த மீன் கிடங்கில் மக்கிப்போக, கயிறு திரிக்கிறவன் கை சும்மா இருக்க, மாலுமிகள் சந்துமுனையில் நின்று ஒருவன் சொன்ன கதையையே இன்னொருவன் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்க, பனி பெய்து, பனி உருகி, வசந்தமும் வந்தது. வசந்தம் வந்ததும் கப்பல்கள் துளிர்த்தன.

முதலில் பார்த்தது தபீத்தாள். கப்பல் கட்டுகிற குடும்பத்துக்காரி அவள். புருஷன் கர்த்தருக்குள் போன பிறகு மகன் எலியாப் அவர் உளியை எடுத்துக்கொண்டான். தகப்பனும் மகனும் சேர்ந்து கட்டிய கடைசிக் கப்பலுக்கு எப்சிபாள் என்று பேர். காலையில் துறைக்குப் போய், அந்தக் கப்பலின் பக்கவாட்டில் கை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபிப்பது தபீத்தாளின் வழக்கம். அன்றைக்குக் கை வைத்த இடத்தில் குளுகுளுவென்று ஓர் இலை தட்டுப்பட்டது. நிமிர்ந்து பார்த்தாள். பாய்மரத்தின் உச்சியில் பச்சை ஊசியாகப் பைன் கொழுந்து விட்டிருந்தது. "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, விட்ட பேரிலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்து முடித்து, வீட்டுக்குப் போய் அவரையை அடுப்பில் ஏற்றினாள்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. மரம் என்றால் துளிர்க்கும், சும்மா நிற்க வைத்தால் வேர் விடும், இதில் என்ன இருக்கிறது என்றார்கள். கோடை வருவதற்குள் துறை ஒரு தோப்பாகிவிட்டது. கோழிகள் மேல்தளத்தில் முட்டையிட்டன. பெண்கள் கிளைக்குக் கிளை கொடி கட்டித் துணி உலர்த்தினார்கள். போதகர் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனையை நிழலில் வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார், அன்றிலிருந்து தூங்குகிறவர்கள் தொகை கூடிற்று. மாலுமிகள் கயிற்றேணியில் ஏறிப் பைன் காய் பறித்தார்கள். ஏறுகிற பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கட்டுமே என்று அவர்கள் தாய்மார் சொன்னார்கள். எப்சிபாளின் கேப்டன் அறையில் கிடந்த செர்ரி மர நாற்காலி காய்த்துக் குலுங்கியது, ஆகையால் கேப்டன் உட்காராமல் நின்றுகொண்டே பழம் தின்றார்.

சுங்க அதிகாரி ஒருவருக்குத்தான் சங்கடம். அவர் தினமும் வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்.

"இது கப்பலா, தோப்பா? எனக்கு ஒரு முடிவு தெரியணும்."

"உங்களுக்கு எது சௌகரியமோ அதுவே இருக்கட்டும் சார்" என்பார் கேப்டன், வாயிலிருந்து செர்ரிக் கொட்டையைத் துப்பிவிட்டு.

"கப்பலை வெளியே விட எனக்கு அதிகாரம் இல்லை. தோப்பைப் பற்றி சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை."

"அப்ப பழம் சாப்பிடுங்க. அதுக்கும் சட்டம் கிடையாது."

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கும். ஆனால் இலை வந்ததில் ஒரு விஷயம் வெளியாகிவிட்டது. சாயம் பூசி, கீல் தடவி, ஒன்றோடொன்று இறுக்கி ஆணி அடித்து வைத்திருந்தவரைக்கும் கப்பல் ஒரே கப்பலாகத்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு மரமும் தன் தன் இலையைக் காட்டித் தன் ஊரைச் சொல்லிற்று. பாய்மரம் வடக்கே மேய்ன் காட்டுப் பைன். பலகை கனெக்டிகட் பள்ளத்தாக்கின் ஓக். பலகையைப் பிடித்திருந்த மர ஆணிகள் நியூயார்க் தீவுப் பக்கத்துக் கருவேலம் போன்ற ஒரு ஜாதி; ஆணிக்கு ஆணி வெள்ளைப் பூங்கொத்து தொங்கிற்று. உள்ளே விலா எலும்பு மாதிரி வளைந்து கப்பலைத் தாங்குகிற வங்குக்கட்டைகள் மட்டும் தூரத்து ஜார்ஜியாவின் ஓக். அந்த ஓக் பனியிலும் இலை உதிர்க்காது. அது தளத்தைப் பிளந்துகொண்டு மேலே வந்து, கைகளை நாலு பக்கமும் நீட்டி, சாம்பல் நிறத்தில் தாடி தாடியாகப் பாசியைத் தொங்கவிட்டுக்கொண்டு, வந்த இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்த பெரிய மனிதர் மாதிரி நின்றது.

அந்த மரத்தை வெட்டி வர ஒரு குளிர்காலம் முழுக்க எலியாப் ஜார்ஜியாவுக்குப் போயிருந்தான். வரும்போது மரத்தோடு கெத்தூராளையும் கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்தான். ஏலிமில் வெளியூர்ப் பெண் வந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. தேவாலயத்து டீக்கன் நெகேமியாவின் மனைவி சிப்போராள் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் நியூயார்க்காரிதான். சவப்பெட்டி செய்கிற ஏனோஸின் மனைவி மேய்ன்காரி. கெத்தூராள் ஜார்ஜியாக்காரி. அவள் வந்த நாள்முதல் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். ஓக் தழைத்த அன்றைக்கு மட்டும் கப்பலில் ஏறி, கன்னத்தை மரத்தில் வைத்துக்கொண்டு, நிறைமாதத்தை நெருங்குகிற வயிற்றைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றாள். தபீத்தாள் கீழே நின்று அவள் அழுது முடிக்கும் வரைக்கும் காத்திருந்து, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வா, சூடா ஏதாவது குடி" என்று கூட்டிப்போனாள்.

சட்டம் நீங்கவில்லை, கிடங்கு காலியாகவில்லை, சிரிப்பு தேய்ந்தது. ஊர்க்கூட்டம் கூடிற்று. கடலோரத்து ஊர்கள் எல்லாம் தேசத்தைவிட்டுப் பிரிந்து தனியாகிவிடலாம் என்ற பேச்சு அக்கம்பக்கத்து ஊர்களில் ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருந்தது. கூட்டத் தலைவரான டீக்கன் நெகேமியா அதை எடுத்தார், எலியாப் அதைத் தூக்கிப் பிடித்தான்.

"நம்மளைக் கேட்காம சட்டம் போடுறவன்கூட நாம ஏன் ஒரே கூரையில இருக்கணும்?" என்றான் எலியாப். மேசைகள் தட்டப்பட்டன.

பிரிய விருப்பமுள்ளவர்கள் வலதுபக்கச் சுவருக்குப் போங்கள், விருப்பமில்லாதவர்கள் இடதுபக்கம் என்றார் டீக்கன். ஏலிமில் வாக்கு என்றால் அதுதான். எல்லோரும் வலதுபக்கம் போனார்கள், ஏனோஸ் மட்டும் இடதுபக்கம் நின்றார். எதிர்த்து நிற்பது ஒற்றை ஆள் என்றாலும் அவர் பேசி முடிக்கும்வரை முடிவு முடிவாகாது என்பது அந்த ஊரின் பழைய முறை. ஏனோஸ் ஆதியிலிருந்து தொடங்கினார். வீடுகளில் சாப்பாடு ஆறியது. "ஐயா, இன்னும் எவ்வளவு?" என்று டீக்கன் கேட்டார். "சவப்பெட்டிக்காரனுக்கு என்ன அவசரம், எல்லாரும் கடைசியில என்கிட்டத்தானே வரணும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். கடைசியில் அவர் சொன்னது, பிரிவதென்றால் எதை எதிலிருந்து பிரிப்பது, அதைச் சொல்லுங்கள் என்பது. அங்கேதான் காரியம் கெட்டது. ஏலிம்காரர்கள் கையால் செய்து பார்க்காத எதையும் முழுசாக நம்புகிறவர்கள் அல்ல. தீர்மானம் போட்டால் போதாது, ஏதாவது ஒன்றைப் பிரித்துக் காட்டவேண்டும் என்று ஆயிற்று. எதைப் பிரிப்பது? எல்லார் கண்ணும் சன்னல் வழியாகத் துறைக்குப் போயிற்று. எப்சிபாளிலிருந்து தெற்கத்தி மரத்தைப் பிடுங்கி எறிவது என்று முடிவானது. வெட்டி வந்தவன் எலியாப், ஆகையால் முதல் ரம்பம் அவன் வைக்கவேண்டும்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்தான்.

"அடிமையை மனுஷனா நடத்தாத தெற்கத்திக்காரன், வாக்குப் பலம் பார்க்கும்போது மட்டும் அவனையும் சேர்த்து எண்ணிக்கிறான். அந்தப் பலத்துலதான் நம்ம கடலைப் பூட்டினான். இது நியாயமா, நீயே சொல்லு."

"நியாயமில்ல" என்றாள் கெத்தூராள். "இதையே எங்க அப்பாகிட்ட நான் சொன்னப்ப வாசல்ல நின்னு கேட்டீங்களே. அதைக் கேட்டுட்டுத்தானே என்னைப் பெண் கேட்டீங்க."

எலியாப் ரொட்டியைப் பிட்டான். "அப்புறம் ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?"

"சட்டத்தைத் திட்டுங்க, கூட நின்னு நானும் திட்டுறேன். மரம் என்ன பண்ணிச்சு? நீங்களே போய், நீங்களே பார்த்துப் பார்த்து, கொஞ்சிக் கொண்டுவந்த மரம்."

"ஊர் முடிவு பண்ணிருச்சு, கெத்தூர்."

"சரி. அதைப் பிடுங்குற அன்னைக்கு நானும் கிளம்புறேன். தெற்கே போற மீன்படகு ஏதாவது ஏத்திக்கும். பிள்ளை அங்கே பிறக்கட்டும். நீங்க உங்க தனி தேசத்துலேர்ந்து வந்து, எட்டிப் பார்த்துட்டுப் போங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உப்பு வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். அதனால்தான் தபீத்தாள் அதை நம்பினாள். மகன் சொல்லை மீறமாட்டான், ஏனென்றால் ஊருக்கு முன்னால் கொடுத்த சொல். மருமகளும் மீறமாட்டாள். இரண்டும் அவளுக்குத் தெரியும். பேரப்பிள்ளையின் முகத்தைத் தான் பார்க்கப்போவதில்லை என்றும், அதைவிட, இந்தப் பெண்ணின் சிரிப்பில்லாத வீட்டில் தான் அடுப்பு மூட்டவேண்டும் என்றும் நினைத்தபோது, அவள் கரண்டியை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். கர்த்தாவே, இருவரையும் பிடித்துக்கொள்ளும், எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ரம்பம் வைக்கிற நாள் நல்ல வெயில். ஆண்கள் துறையில் கூடினார்கள். டீக்கன் ஜெபம் பண்ணிக் கண்ணைத் திறந்தால், கெத்தூராள் கப்பலின் மேல் ஓக் மரத்தின் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"இறங்கி வா" என்றான் எலியாப், ரம்பத்தைத் தோளில் வைத்தபடி.

"நீங்க பாட்டுக்கு அறுங்க. நான் இந்த மரத்து ஊர்க்காரி. மரத்தோட வர்றேன்."

தபீத்தாள் கரையிலிருந்து கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறிப் போய் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, நீங்க ஏலிம்ல பிறந்தவங்க, உங்களுக்கு அங்க என்ன?" என்று மகன் கேட்டான். "எனக்கு இங்க மருமக இருக்கா" என்றாள் அவள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சிப்போராள் வந்தாள். பாவாடையைச் சொருகிக்கொண்டு பலகையில் ஏறினாள்.

"நீ எங்கே போறே?" என்றார் டீக்கன்.

"இன்னைக்கு ஜார்ஜியா மரம். நாளைக்கு நியூயார்க் ஆணியைப் பிடுங்குவீங்க. நான் முன்கூட்டியே போய் என் ஆணிகிட்ட உட்கார்ந்துக்கறேன்."

"உன்னை யாரு வெளியூர்க்காரின்னா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்கதான் சொல்றீங்க."

ஏனோஸின் மனைவி மேய்ன்காரி நேரே பாய்மரத்தடிக்குப் போனாள். அவர்களுக்குப் பின்னால் கனெக்டிகட்காரி, அவள் நாத்தனார், இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்ட பெண்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி, மாவு பிசைந்த கையோடு ஒருத்தி என்று வரிசையாக ஏறினார்கள். ஏலிமில் பெண் எடுக்கிற வழக்கம் பெரும்பாலும் வெளியூரில்தான், அதை அந்த நிமிஷம்வரை யாரும் யோசித்ததில்லை. உள்ளூரிலேயே பிறந்த பெண்களும் தனியாக நிற்க ஒரு மாதிரி இருந்ததால் ஏறிக்கொண்டார்கள். தளமும் கிளையும் நிறைந்தன. யாரோ அவித்த அவரைப் பானையை மேலே கொடுத்தார்கள்.

அப்போது ஏற்றம் வந்தது. தினமும் வருகிற கடல் ஏற்றம்தான். எப்சிபாளுக்கு என்ன தோன்றியதோ, ஓடையைக் கடக்கிற பெண்பிள்ளை பாவாடையைத் தூக்கிக்கொள்வது மாதிரி, சேற்றிலிருந்து வேர்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டது. கட்டிய கயிறு தானாக அவிழ்ந்தது. ஒரு பாயும் விரிக்காமல், இலைகளிலேயே காற்றை வாங்கிக்கொண்டு, கோழிகளோடும் கொடித்துணியோடும் பெண்களோடும் அது மெதுவாகத் துறையைவிட்டுப் பிரிந்து போயிற்று.

ஆண்கள் கரையில் நின்றார்கள். அவர்கள் பிரிவதைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள். தங்களைவிட்டுப் பிரிகிறது எப்படி இருக்கும் என்று யாரும் எழுந்து பேசியதில்லை. அது எவ்வளவு சின்ன இடைவெளி என்று பார்த்தார்கள். முதலில் ஒரு சாண் தண்ணீர், பிறகு ஒரு முழம், பிறகு கூப்பிட்டால் கேட்காத தூரம். சுங்க அதிகாரி ஓடி வந்தார், மூச்சு வாங்க நின்றார், கண்ணாடியைத் துடைத்தார். "தோப்பு" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையசைத்தார். அவருடைய மனைவியும் மேலே இருந்தாள்.

குடாவின் நடுவில் போய்க் கப்பல் நின்றது. அங்கேதான் கெத்தூராளுக்கு வலி எடுத்தது. கரையிலிருந்து அதைப் பார்க்க முடியாது, ஆனால் கிளையிலிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே பக்கமாக இறங்குவதை எலியாப் பார்த்தான். கையிலிருந்த ரம்பத்தை ஒரு படகில் போட்டு, அதைத் தள்ளிக்கொண்டு துடுப்பை வலித்தான். டீக்கனும் ஏனோஸும் பின்னாலேயே குதித்து ஏறினார்கள். படகு கிட்டே வந்ததும் சிப்போராள் மேலிருந்து கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எந்த ஊர்?"

"என்னடி விளையாடுறே" என்றார் டீக்கன்.

"இது தனி இடம். உள்ளே விடறதா வேண்டாமான்னு கூட்டம் போட்டுத்தான் சொல்லணும். தபீத்தாளக்கா தலைவர்."

ஏலிம் பெண்கள் ஒரு நாளும் கூட்டத்தில் வாக்குச் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் எல்லாக் கூட்டத்தையும் சுவருக்கு வெளியிலிருந்து கேட்டவர்கள், முறை அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். எலியாபை ஏற்ற விருப்பமுள்ளவர்கள் வலதுபக்கம், இல்லாதவர்கள் இடதுபக்கம் என்றாள் தபீத்தாள். படகுப் பக்கம் பார்க்காமல்தான் சொன்னாள், சொந்த மகன் அல்லவா. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரசவ வலியில் ஒருத்தி கிடக்கும்போது புருஷனை எவ்வளவு நேரம் படகில் வைப்பது. எல்லாரும் வலதுபக்கம் போனார்கள். கெத்தூராள் மட்டும் இடதுபக்கத்தில், ஓக் அடியில், பாசியைக் கையில் முறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"உன்னால நகர முடியலையாம்மா?" என்று தபீத்தாள் குனிந்து கேட்டாள்.

"முடியும் அத்தை. நகரல."

தபீத்தாள் நிமிர்ந்தாள். "எதிர்த்து ஒருத்தி இருக்கா. அவ பேசணும். அதுவரைக்கும் யாரும் ஏறக் கூடாது." கீழே படகில் ஏனோஸ் தலையை ஆட்டிக்கொண்டார்.

கெத்தூராள் வலி விட்டுக் கொடுத்த இடைவெளியில் பேசினாள். "அவர் பேசறது தப்புன்னு நான் சொல்லல. இன்னும் பேசட்டும். தெற்கத்திக்காரன் செய்யறது அக்கிரமம்னு சொல்லட்டும், தலைநகர்ல இருக்கறவன் காது செவிடாகிற வரைக்கும் சொல்லட்டும். நான் அந்த மண்ணுல பிறந்தவ, அவரைவிட எனக்கு நல்லாத் தெரியும், நானும் சொல்லுவேன். ஆனா கூட்டத்துல கை தட்டு வாங்கறதுக்காக என்னைப் பிடுங்கிக் காட்டாதீங்கன்னு சொல்லுங்க." அடுத்த வலி வந்தது. அது போன பிறகு, "அவ்வளவுதான். முடிச்சுட்டேன்" என்றாள்.

படகில் எலியாப் எழுந்து நின்றான். கூட்டத்தில் பேசுகிறவன் நிற்கிற மாதிரிதான் நின்றான். ரம்பத்தை எடுத்து டீக்கன் மடியில் வைத்தான்.

"மரம்னுதான் நினைச்சேன், கெத்தூர்" என்றான். "சத்தியமா மரம்னு மட்டும்தான் நினைச்சேன்."

மேலே கெத்தூராள் முறுக்கிப் பிடித்திருந்த பாசியைக் கைவிட்டாள்.

"ஏறி வாங்க" என்றாள் அவள். "சீக்கிரம்."

பெண் குழந்தை பிறந்தது. சிப்போராள் அதைச் செர்ரிப்பழத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும் என்றாள், மேய்ன்காரி அதெல்லாம் நியூயார்க் மூடவழக்கம் என்றாள், கனெக்டிகட்காரி வெந்நீர் வைத்தாள். தபீத்தாள் பிள்ளையை வாங்கி, எந்தப் பேரையும் சொல்லி ஜெபிக்காமல், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவே அன்றைய ஜெபம்.

சாயங்காலம் கடல் வற்றத் தொடங்குவதற்கு முன்னால் கப்பல் திரும்பி வந்தது. பழைய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கோணலாக நின்று, வேர்களை இறக்கிக்கொண்டது. கரையில் இருந்த ஆண்கள் ஓடி வந்து கயிறு பிடித்து இழுத்தார்கள். எலியாப் மனைவியைத் தாங்கிப் பிடித்து இறக்கினான். தபீத்தாள் பிள்ளையோடு பின்னால் வந்தாள். எல்லாரும் எட்டிப் பார்த்து முடித்த பிறகு, டீக்கன் நெகேமியா தொண்டையைக் கனைத்தார். அவர் முறையை விடாதவர்.

"தபீத்தாளம்மா, மரத்தைத் தொடப்போறதில்ல. அது சரி. ஆனா பிரியறதா இல்லையாங்கற கேள்வி இன்னும் நிற்குது. கடல் இன்னும் பூட்டித்தான் கிடக்கு. அதைப் பேசாம விட முடியாது."

"பேசுங்க ஐயா" என்றாள் தபீத்தாள். "பேசவேண்டிய விஷயம்தான். நல்லாப் பேசுங்க. பிள்ளை இப்பத்தான் கண் அசந்தா, கொஞ்சம் மெதுவா."

ஆகவே ஏலிம் ஊர்க்கூட்டம் அன்றைக்குத் துறையிலேயே கூடிற்று, ஆண்களும் பெண்களும் எப்சிபாளின் இலைகளுக்குக் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், தேசத்தோடு இருப்பதா பிரிவதா என்று ஊர் முழுக்கக் காதோடு காதாகக் கிசுகிசுத்து வாதாடிற்று. மெதுவாகப் பேசினால் அடுத்தவர் சொல்வதைக் கேட்கக் கிட்டே சாயவேண்டியிருக்கிறது. எல்லாரும் சாய்ந்துகொண்டார்கள். ஏனோஸ் மட்டும் எதிர்த்து நின்றார். எதை எதிர்த்து என்று யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை, ஆனால் அவர் முடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை.